லேப்டாப் முழுக்க ஃபைல், கேட்ட நேரத்துக்கு ஒண்ணும் கிடைக்கறதில்லை. எப்படி அடுக்குறது?

கட்டபெட்டு தேயிலை

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோத்தகிரி பக்கம் கட்டபெட்டு. கொஞ்சம் தேயிலைக் காடு இருக்கு, மேல் வீட்டை டூரிஸ்ட்டுக்கு விடறோம். கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற பையன் தன்னோட பழைய லேப்டாப்பை எனக்குக் குடுத்துட்டான், விண்டோஸ் 11. ஃபோன்ல வர்றதெல்லாம் அதுல ஏத்தி வச்சிருக்கேன். சிட்டா, தீர்வை ரசீது, ஃபேக்டரில இலை எடை போட்ட சீட்டு, பொண்ணோட மார்க் ஷீட், தங்க வர்றவங்க ஆதார், நடுநடுவுல கல்யாண ஃபோட்டோ, குட்மார்னிங் படம், எல்லாம்.

இப்ப டெஸ்க்டாப்ல பின்னாடி இருக்கிற படமே தெரியல. "நியூ ஃபோல்டர்", "நியூ ஃபோல்டர் (2)", "நியூ ஃபோல்டர் (3)"னு வரிசையா நிக்குது, எதுல என்ன இருக்குன்னு திறந்தாத்தான் தெரியும். இ-சேவையில சிட்டா கேட்டா, இருக்கிறதைத் தேடறதுக்குப் புதுசா எடுக்கறது சுலபமா இருக்கு.

எத்தனை ஃபோல்டர் போடணும், என்ன பேர் வைக்கணும்? முதல்ல இருந்து சொல்லுங்க. கம்ப்யூட்டர் பாஷை வேண்டாம்.

சிம்ஸ்பார்க் ரோடு

அக்கா, முதல்ல பழசைத் தொடாதீங்க. எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க, ரெண்டு மணி நேரத்துல அலுத்துப் போய் விட்டுடறாங்க. டாக்குமென்ட்ஸுக்குள்ள "பழசு"ன்னு ஒரே ஒரு ஃபோல்டர் போட்டு, டெஸ்க்டாப்ல இருக்கிற ஃபைல், ஃபோல்டர் அத்தனையையும் அப்படியே அதுக்குள்ள தள்ளுங்க. டெஸ்க்டாப் காலி. இனிமே ஒரு பேப்பர் தேவைப்பட்டு பழசுக்குள்ள போய் எடுக்கிறீங்க பாருங்க, அப்ப அதை மட்டும் பேர் மாத்தி சரியான இடத்துல வைங்க. ஒரு வருஷம் கழிச்சும் யாரும் தேடாத ஃபைல் அதுலயே கிடக்கட்டும்.

புது ஃபோல்டருக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூணையும் சேர்த்து அழுத்துங்க. பேர் மாத்த ஃபைலை ஒரு தடவை கிளிக் பண்ணி எஃப்2. தப்பான இடத்துல போட்டுட்டா கன்ட்ரோல் + இசட், பழைய இடத்துக்கே திரும்பிடும். இந்த மூணு போதும் ஆரம்பத்துக்கு.

ஃபோல்டர் எப்படிப் பிரிக்கிறதுன்னா, அந்தப் பேப்பரை உங்ககிட்ட யார் கேப்பாங்கன்னு யோசிங்க. தாலுகா ஆபீஸ் கேக்கறது ஒண்ணு, ஃபேக்டரி ஒண்ணு, பேங்க் ஒண்ணு, காலேஜ் ஒண்ணு. "பிடிஎஃப்", "ஃபோட்டோ", "வேர்டு"ன்னு வகை பார்த்துப் பிரிக்காதீங்க. சிட்டா ஒரு தடவை பிடிஎஃப்பா வரும், இன்னொரு தடவை ஃபோட்டோவா வரும். கவுன்ட்டர்ல நிக்கும்போது அது எந்த வகைன்னா ஞாபகம் வரப்போகுது?

லவ்டேல் நைட்அவுல்

ஃபோல்டரே வேண்டாம் ஆன்ட்டி. எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டு மேல தேடுற கட்டத்துல அடிங்க, வந்துடும். நான் காலேஜ் சேர்ந்ததுல இருந்து அப்படித்தான். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் போடறதெல்லாம் பழைய ஆபீஸ் பழக்கம்.

சிம்ஸ்பார்க் ரோடு

தம்பி, உங்க ஃபைல் எல்லாம் நீங்களே டைப் பண்ணது, தேடினா உள்ளே இருக்கிற எழுத்தும் சிக்கும். அக்காகிட்ட இருக்கிறது ஸ்கேனும் ஃபோட்டோவும். லேப்டாப்போட சாதாரணத் தேடலுக்கு ஒரு இலைச் சீட்டு ஃபோட்டோவும் குட்மார்னிங் படமும் ஒண்ணுதான். வாட்ஸ்அப்ல வந்த படத்தோட பேரைப் பாருங்க: "ஐஎம்ஜி", தேதி, "டபிள்யூஏ", ஒரு நம்பர். இதுல என்னத்தை அடிச்சுத் தேடுவாங்க? தேடல் வேணாம்னு சொல்லல. பேர் வச்சாத்தான் தேடலே வேலை செய்யும்.

ஓய்வு பெற்ற எழுத்தர்

வருவாய்த் துறையில் பல ஆண்டு கோப்போடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் ஒரு வார்த்தை. "பழைய ஆபீஸ் பழக்கம்" என்று தம்பி சொன்னது சரிதான், திரையில் நீங்கள் பார்க்கும் மேசை, ஃபோல்டர் படமெல்லாம் 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்ற ஸ்டார் என்ற கணினியில் ஆபீஸ் மேசையைப் பார்த்துப் போட்டது. ஆனால் ஆபீஸிலிருந்து பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்துவிட்டால் அதன் மேல் ஒரு முடிவுக் குறி போடாமல் ரெக்கார்டு ரூமுக்குப் போகாது. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். என்றால் 10 வருடம். கே.டிஸ். 3 வருடம். எல்.டிஸ். ஒரே வருடம், அதன்பின் அழித்துவிடலாம். என்.டிஸ். என்று ஒன்று உண்டு: நம்மிடம் எதையும் வைத்துக்கொள்ளாமல் வந்ததை அப்படியே திருப்பி அனுப்புவது. ஒரு காகிதம் எங்கே இருக்க வேண்டும் என்பதோடு எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுவோம். கணினியில் இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் குட்மார்னிங் படமும் கிரயப் பத்திரமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

அம்மா, உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். கிரயப் பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று, மார்க் ஷீட்: ஆர்.டிஸ். இலைச் சீட்டு, தீர்வை ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட்: சில வருடம். இ-சேவைக்கு விண்ணப்பிக்க எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தின் சிறிய பிரதி: வேலை முடிந்ததும் போகலாம். தங்க வந்தவர்களின் ஆதார் என்.டிஸ். உங்கள் ஊர் காவல் நிலையத்தில் எவ்வளவு நாள் வைக்கச் சொல்கிறார்களோ அத்தனை நாள் வைத்துவிட்டு அழித்துவிடுங்கள். அடுத்த முறை வருபவர்களிடம் மாஸ்க்டு ஆதார் கேளுங்கள், அதில் கடைசி 4 எண் மட்டும்தான் தெரியும். ஊரார் ஆதாரையெல்லாம் லேப்டாப்பில் சேர்த்து வைத்துக் காவல் காப்பது நமக்கு எதற்கு?

கட்டபெட்டு தேயிலை

ஐயா, கடைசி வரி படிச்சதும் பகீர்னு ஆச்சு. போன சீசன்ல வந்தவங்க ஆதார் அத்தனையும் இருக்கு. இன்னைக்கே பார்க்கறேன்.

ஒரு சந்தேகம். சிம்ஸ்பார்க் அண்ணா "யார் கேப்பாங்க"ன்னு பிரிக்கச் சொல்றார், ஐயா "எவ்வளவு நாள்"னு பிரிக்கச் சொல்றார். பொண்ணு மார்க் ஷீட் நிரந்தரத்துல வருமா, படிப்புல வருமா? ரெண்டுலயும் ஒரு காப்பி போட்டுடட்டா?

தாண்டிக்குடி காப்பி

ரெண்டும் வேண்டாம், வருஷம் போடுங்க! 2023, 2024, 2025. அதுக்குள்ள எல்லாம். கீழ்ப்பழனி மலையில காப்பி, மிளகு, ஆரஞ்சு மூணையும் வச்சுக்கிட்டு நான் அப்படித்தான் ஓட்டறேன். வருஷம்னா யாருக்கும் குழப்பம் கிடையாது.

ஓய்வு பெற்ற எழுத்தர்

எந்த வருடம் ஐயா? தீர்வை பசலிக் கணக்கு, அதாவது வருவாய்த் துறையின் வருடம், ஜூலை முதல் ஜூன் வரை. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. பேங்க் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பள்ளிக்கூடம் ஜூனில் தொடங்குகிறது. உங்கள் காப்பி அறுவடையே நவம்பரில் ஆரம்பித்து அடுத்த வருடத்துக்குள் போகிறது. பிப்ரவரியில் விற்ற காப்பிக்கான ரசீதை எந்த வருட ஃபோல்டரில் தேடுவீர்கள்?

தாண்டிக்குடி காப்பி

ம்ம். அதுக்கு நான் ரெண்டு ஃபோல்டரையும் திறந்து பார்ப்பேன் 😄 சரி, பொருளை வெளியே வச்சு வருஷத்தை உள்ளே வைக்கலாம். காப்பின்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 2024-25. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் விட மாட்டேன்: பேரை வந்த அன்னைக்கே வைக்கணும். காப்பிப் பழம் பறிக்கும்போதே பச்சையைத் தனியா போட்டாத்தான் ஆச்சு, களத்துல கொட்டி கலந்த பிறகு உட்கார்ந்து பொறுக்க ஆள் கிடையாது. டவுன்லோட்ஸும் அப்படித்தான்.

சிம்ஸ்பார்க் ரோடு

அக்கா, ரெண்டு இடத்துல காப்பி போடாதீங்க. பொண்ணு பேர்ல ஒரு எழுத்து திருத்தி புது மார்க் ஷீட் வாங்கினீங்கன்னு வைங்க, ஒண்ணை மாத்துவீங்க, இன்னொண்ணு பழசாவே கிடக்கும். அட்மிஷன் அன்னைக்கு எது கையில வருமோ! அசல் ஒரே இடம்தான். படிப்பு ஃபோல்டர்லயும் தெரியணும்னா அதுக்கு ஷார்ட்கட் போட்டுக்கலாம். ஆனா ஷார்ட்கட் வெறும் வழிகாட்டி. அதை பென்டிரைவ்ல போட்டு இ-சேவைக்கு எடுத்துட்டுப் போனா அங்க ஒண்ணும் திறக்காது.

ரெண்டு கேள்வியையும் சேர்த்துக்கலாம்னு தோணுது. ஐயா சொன்ன நிரந்தரத்தை மட்டும் தனி ஃபோல்டரா வைங்க. மத்ததெல்லாம் யார் கேக்கறாங்களோ அவங்க பேர்ல. ஏன் நிரந்தரம் தனின்னா, அது ரொம்பச் சின்னது. ஒரு குடும்பத்தோட அத்தனை பத்திரமும் சான்றிதழும் ஸ்கேன் பண்ணாலும் சில நூறு எம்பிக்குள்ள அடங்கிடும். இடத்தை அடைக்கிறது வீடியோதான். சின்னதா தனியா இருக்கிறதை மூணு இடத்துல பிரதி எடுத்து வைக்கறது கஷ்டமே இல்லை. லேப்டாப் முழுக்க பேக்கப் எடுக்கணும்னு நினைச்சா யாரும் எடுக்கறதில்லை.

பேர் வைக்கிற முறை: வருஷம், மாசம், நாள், அப்புறம் என்னங்கிறது. "2025-06-14-இலைச்சீட்டு". நாளை முன்னாடி போட்டா ஜனவரி 14-ம் ஜூன் 14-ம் ஒட்டிக்கிட்டு நிக்கும், 15 எங்கயோ போயிடும். வருஷத்துல ஆரம்பிச்சா தானா வரிசையாகும். 6-ன்னு போடாம 06-ன்னு போடுங்க. விண்டோஸ் 2-ஐ 10-க்கு முன்னாடி சரியா வைக்கும், எல்லா ஃபோனும் வைக்காது. நடுவுல சாய்கோடு போட விண்டோஸ் விடாது, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரமும் ஆகாது. சின்னக் கோடு போடுங்க. தீர்வை ரசீதுக்கு மட்டும் "பசலி-1434-தீர்வை"ன்னே வச்சுக்கலாம், கேக்கறவங்க அப்படித்தான் கேக்கறாங்க.

லவ்டேல் நைட்அவுல்

ஓகே, ஸ்கேன் மேட்டர்ல நான் சொன்னது செல்லாது. ஆனா ஒண்ணு கவனிங்க ஆன்ட்டி. லேப்டாப் அண்ணனோடதுன்னா அவர் மைக்ரோசாஃப்ட் கணக்குலதான் ஓடிட்டு இருக்கும். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அவரோட ஒன்டிரைவுக்கு, அதாவது மைக்ரோசாஃப்ட் நெட்ல ஃபைல் வைக்கத் தர்ற இடத்துக்கு, போயிட்டு இருக்கலாம். ஃபைல் பக்கத்துல சின்னதா மேகப் படம் இருக்கா பாருங்க. நீல மேகம்னா அந்த ஃபைல் நெட்ல இருக்கு, லேப்டாப்ல இல்லை. பச்சை டிக் இருந்தா லேப்டாப்லயும் இருக்கு. மழைல டவர் போச்சுன்னா மேகம் போட்டது திறக்காது. நிரந்தரம் ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்துடுங்க.

இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான். அது நிறைஞ்சா புதுசா வைக்கிறது மேல போகாது. "இடம் இல்லை"ன்னு வந்ததும் பதறி ஒன்டிரைவ்ல போய் அழிக்காதீங்க, அங்க அழிச்சா இங்கயும் போயிடும். 30 நாளைக்கு அதோட குப்பைத் தொட்டில கிடக்கும், அதுக்குள்ள மீட்டுக்கலாம்.

கட்டபெட்டு தேயிலை

இருக்கு தம்பி, நீல மேகம் நிறைய இருக்கு! நெட் இல்லாத அன்னைக்கு ஏன் திறக்கலைன்னு இப்பத்தான் புரியுது. ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன்.

மஞ்சூர் மழை

மூணு இடத்துல பிரதின்னு சொன்னாங்களே, அதுல ரெண்டை ஒரே பீரோவுல வைக்காதீங்க. ஒண்ணு லேப்டாப், ஒண்ணு வெளி ஹார்டுடிஸ்க், ஒண்ணு கோயமுத்தூர்ல பையன் வீடு. இல்லன்னா கூகுள் டிரைவ், அதுல 15 ஜிபி இலவசம், ஜிமெயிலும் ஃபோட்டோவும் அதே கணக்குல அடங்கும். பென்டிரைவ் எடுத்துட்டுப் போறதுக்கு மட்டும்தான், பத்திரமா வைக்கறதுக்கு இல்லை.

கரன்ட் போற ஊர்ல இருக்கோம். பென்டிரைவுக்கு மாத்தும்போது "கட்" பண்ணாதீங்க. "காப்பி" பண்ணி, அங்க திறந்து பார்த்து, அப்புறம் இங்க அழிங்க. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு ஃபோல்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு இழுத்தா ஃபைல் இடம் மாறும். பென்டிரைவுக்கு இழுத்தா பிரதிதான் போகும், அசல் இங்கயே இருக்கும். பென்டிரைவ்ல அழிச்சது ரீசைக்கிள் பின்னுக்கு வராது, போனது போனதுதான்.

ஈரம் நம்ம ஊர்ல பெரிய தலைவலி. ஹார்டுடிஸ்கை மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க. இன்னொண்ணு பலருக்குத் தெரியறதில்லை: இங்க குளிர்ல கிடந்த ஹார்டுடிஸ்கையோ லேப்டாப்பையோ மேட்டுப்பாளையம் இறக்கினதும் உடனே போடக் கூடாது. கீழ இருக்கிற சூடான ஈரக்காத்து குளிர்ந்த உலோகத்து மேல பட்டு தண்ணியா நிக்கும். பையை மூடின மேனிக்கே வச்சு, கையில தொட்டா சில்லுனு இல்லாத வரைக்கும் காத்திருங்க. பென்டிரைவைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எப்பவும் "இஜெக்ட்" கொடுங்க.

லவ்டேல் நைட்அவுல்

இஜெக்ட் இப்ப கட்டாயம் இல்லை அங்கிள். 2018-ல வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்புல இருந்து பென்டிரைவுக்கு "குவிக் ரிமூவல்"தான் வழக்கமா வர்ற அமைப்பு. காப்பி முடிஞ்சிருந்தா அப்படியே எடுக்கலாம்.

மஞ்சூர் மழை

முடிஞ்சிருந்தா. முடிஞ்சதான்னு தெரியாதவங்களுக்கு அந்த பட்டன் இன்னும் உதவும் தம்பி.

கட்டபெட்டு தேயிலை

அடுக்கியாச்சுங்க. சரியா இருக்கான்னு பாருங்க:

1-நிரந்தரம்
2-காடு (உள்ளே: ஃபேக்டரி, தீர்வை, உரம்)
3-மேல்வீடு
4-படிப்பு
5-பேங்க்
9-பழசு

முன்னாடி நம்பர் போட்டதால இதே வரிசையில நிக்குது. தேயிலை வாரியம் மாசாமாசம் அறிவிக்கிற பசுந்தேயிலை விலையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேக்டரிக்குள்ள போட்டுட்டேன், இலைச் சீட்டுக்குப் பக்கத்துலயே. எங்களுக்கு எவ்வளவு போட்டாங்கன்னு ஒப்பிட்டுப் பார்க்க நல்லா இருக்கு. இலைச் சீட்டு ஃபோட்டோ ஒரு மாசத்துக்கு உள்ளதை மொத்தமா செலக்ட் பண்ணி எஃப்2 அழுத்தினேன், ஒரே பேர்ல (1), (2), (3)னு எல்லாத்துக்கும் வந்துடுச்சு! தனித்தனியா அடிக்கணும்னு பயந்துட்டு இருந்தேன்.

இப்ப ரெண்டு சந்தேகம். பேரைத் தமிழ்லயே வைக்கலாமா? ஆன்லைன்ல ஏத்தும்போது தகராறு வரும்னு பொண்ணு சொல்றா. அப்புறம், எங்க விவசாயிகள் சங்க நோட்டீஸ், தீர்மானம் எல்லாம் அந்தக் காலத்துல டிடிபி கடையில அடிச்சது கிடக்கு. திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. வைரஸா?

தாண்டிக்குடி காப்பி

அக்கா, 6, 7, 8 எங்க போச்சு? 😄

கட்டபெட்டு தேயிலை

பின்னால ஏதாவது வந்தா சேர்க்கத்தான் விட்டு வச்சிருக்கேன் அண்ணா!

சிம்ஸ்பார்க் ரோடு

தமிழ்லயே வைங்க, உங்க லேப்டாப், உங்க கண்ணு. ஒரு கணக்கு மட்டும் தெரிஞ்சுக்கங்க. "தேயிலை" நமக்கு மூணு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஆறு. கொம்பு, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். விண்டோஸ்ல பல இடத்துல ஃபோல்டர் பேர், ஃபைல் பேர் எல்லாம் சேர்ந்து 260-க்குள்ள இருக்கணும். ஆண்ட்ராய்டு ஃபோன்ல பெரும்பாலும் ஒரு பேருக்கு 255 பைட் (கம்ப்யூட்டர் இடத்தை அளக்கிற அலகு), தமிழ்ல ஒவ்வொண்ணும் 3 பைட், அதனால 85-தான் தேறும். நீங்க போட்டிருக்கிற மாதிரி சின்னப் பேரா இருந்தா பிரச்சினையே வராது. "கட்டபெட்டு வட்டார சிறு தேயிலை விவசாயிகள்..."னு நோட்டீஸ் தலைப்பை அப்படியே பேரா வச்சாத்தான் இடிக்கும்.

ஆன்லைன் விண்ணப்பத்துல சில இடத்துல தமிழ்ப் பேரை ஏத்துக்காது, பொண்ணு சொல்றது உண்மைதான். அதுக்கு அசலை மாத்த வேண்டாம். ஒரு பிரதி எடுத்து, அதுக்கு இங்கிலீஷ்ல சின்னப் பேர் வச்சு, அவங்க கேக்கிற சைஸுக்குச் சுருக்கி ஏத்துங்க. வேலை முடிஞ்சா அதை அழிச்சுடுங்க. ஐயா கணக்குல எல்.டிஸ். கூட இல்லை அது.

ஓய்வு பெற்ற எழுத்தர்

வைரஸ் இல்லை அம்மா. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டியது. பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவியைத்தான் தட்டுவோம், அதுதான் உங்களுக்கு அரைப்புள்ளியாகத் தெரிகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடுகிறது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை, அதாவது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் எழுத்து முறையை, தரமாக அறிவித்த பிறகுதான் இந்தத் தொல்லை மெல்ல ஓய்ந்தது. பாமினியில் உள்ள எதையும் தமிழில் தேடினாலும் சிக்காது.

அசல் ஃபைலை அழிக்க வேண்டாம். என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு, எழுத்தை ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றியதைப் படித்துப் பார்த்துத் தனியாகச் சேமியுங்கள். சங்கத் தீர்மானம் என்றால் ஆர்.டிஸ்., அதையும் 1-நிரந்தரத்தில் வையுங்கள்.

கட்டபெட்டு தேயிலை

ஒண்ணு மாத்திப் பார்த்தேன் ஐயா. உள்ளே எல்லாம் சரியா வந்துச்சு, மேல தலைப்பு மட்டும் கண்டபடி இருக்கு.

ஓய்வு பெற்ற எழுத்தர்

தலைப்புக்கு டிடிபிக்காரர் வேறு எழுத்துரு போட்டிருப்பார், அலங்காரமாக இருக்கட்டும் என்று. வேர்டில் தலைப்பின் மேல் கிளிக் செய்தால் எழுத்துருவின் பெயர் மேலே காட்டும். கன்வர்ட்டரில் பாமினிக்குப் பதில் அந்த வகையைத் தேர்ந்தெடுத்துத் தலைப்பை மட்டும் தனியாக மாற்றுங்கள். அதுவும் வராவிட்டால் ஒரு வரிதானே, கையாலேயே அடித்துவிடுங்கள். அச்சடித்த நோட்டீஸ் வீட்டில் ஒன்று இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து பக்கத்தில் வையுங்கள், கையெழுத்து அதில்தான் இருக்கும்.